கடைசிப் பிள்ளை வரும் நேரம்

என் கடைக்கு வந்த பிள்ளை ஒருவர் ஒன்பது பாடத்திலும் திறமைச் சித்தி. சரக்குப் பிந்திய ஒரு நாள், யாரிடமும் கேட்கத் தெரியாமல் நின்றுவிட்டார். ஓடர் கைவிட்டுப் போனது. பிழை அவருடையதல்ல, பழக்காத நம்முடையது.

1907இல் பேடன் பவல் பிரவுன்சீ தீவில் சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, அணிக்கொரு தலைவரை வைத்துப் பழக்கினார். 1912இல் சாரணியம் இலங்கைக்கு வந்தது. அதே முறையில் மட்டக்களப்பு நகரிலும் ஓர் ஓட்டப் போட்டி வைக்கலாம்.

ஐவர் ஓர் அணி. கைத்தொலைபேசி இல்லை, வரைபடம் மட்டும். 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தைக் காலடியால் அளக்க வேண்டும். சந்தையில் மூன்று கடைகளில் மீன் விலை கேட்டு எழுத வேண்டும். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையில் முடிவு. ஒவ்வோர் இடத்திலும் தலைவர் மாற வேண்டும். வீதி கடக்குமிடங்களில் ஆசிரியர் நிற்க வேண்டும்.

முக்கிய விதி: கடைசிப் பிள்ளை வந்து சேரும் நேரமே அணியின் நேரம். வேகமானவர் பிந்தியவரின் கையைப் பிடித்தே ஆக வேண்டும். வியாபாரமும் இதுதான்.

முடிவில் அரைமணி நேரம் இருத்திக் கேளுங்கள்: யாருடைய சொல்லை நாம் கேட்கவில்லை? பாடம் அங்கேதான்.

அதிபர்களே, ஒரு சனிக்கிழமைக் காலையைத் தாருங்கள்.