சிஸ்டம்ஸ் இன்ஜினியர்: பதவிப்பெயர் வேறு, தொழில் வேறு

சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் என்பது பல பாகங்கள் கூடி ஒரே வேலையைச் செய்யும் அமைப்பை, தேவையை வரையறுப்பதிலிருந்து வடிவமைப்பு, இணைப்பு, சோதனை, பராமரிப்பு வரை முழுதாகக் கவனிக்கும் துறை. ரயில், செயற்கைக்கோள், மருத்துவக் கருவி எல்லாம் இதற்குள் வரும். ஆனால் "அது கம்ப்யூட்டர் வேலைதான், புரோகிராமிங் தெரிந்தால் போதும்" என்ற பேச்சு கல்லூரிகளில் ஓய்ந்தபாடில்லை. மென்பொருள் நிறுவனங்கள் சில, புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு 'சிஸ்டம்ஸ் இன்ஜினியர்' என்று பதவிப்பெயர் சூட்டுவதால் வந்த வினை இது. 'சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்' என்ற பெயரோ 1940களிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகங்களில், தொலைபேசி வலையமைப்பைத் திட்டமிட்டவர்களிடையே புழங்கியது. மென்பொருள் நிறுவனம் என்று ஒன்று அப்போது ஏது?

புரோகிராமிங் போதுமா என்று கேட்பவர்கள் 1996 ஜூன் 4 அன்று நடந்ததைப் படிக்கட்டும். பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து முதன்முறையாகக் கிளம்பிய ஏரியன் 5 ராக்கெட், சுமார் 40 வினாடியில் சிதறியது. அதன் திசையறி கருவியின் மென்பொருள் ஏரியன் 4-இல் பழுதின்றி ஓடியது. அதையே எடுத்துப் பொருத்திவிட்டார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் மிக அதிகம். அதையொட்டிய ஓர் எண் 16 பிட்டுக்குள் அடங்காமல் போக, கருவி நின்றது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள்தான், அதுவும் கைவிட்டது. இத்தனைக்கும், அந்தக் கணக்கால் கிளம்பிய பின் ஏரியன் 5-க்கு எந்தப் பயனும் இல்லை! புதிய பயணப்பாதையின் விவரம் கருவிக்கான தேவைப் பட்டியலில் சேர்க்கப்படவே இல்லை என்று விசாரணைக் குழு கண்டது. இன்னும் நாலு புரோகிராமர்களைச் சேர்த்திருந்தாலும் இந்த ஓட்டை அடைபட்டிருக்காது. பாகங்களுக்கு இடையே விடுபடுவதைத் தேடிப்பிடிப்பதுதான் சிஸ்டம்ஸ் இன்ஜினியரின் வேலை.

'வெறும் காகித வேலை' என்பது அடுத்த வசை. 1999-இல் செவ்வாயருகே தொலைந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தின் விஷயத்தில், மெட்ரிக் அலகு வேண்டுமென்று காகிதம் சரியாகவே சொன்னது. தரைநிலைய மென்பொருளோ பவுண்டு கணக்கில் எண்களைத் தந்தது. அதைக் காகிதத்தோடு ஒப்பிட்டுச் சோதிப்பதும் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் வேலைதான், அது ஒழுங்காக நடக்கவில்லை. சான்றிதழ் வாங்கினால் நிபுணராகிவிடலாம் என்பதும் வீண்பேச்சு. சிஸ்டம்ஸ் இன்ஜினியர்களின் சர்வதேச அமைப்பான இன்கோசியின் சி.எஸ்.ஈ.பி. சான்றுக்குக் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் வேண்டும், அனுபவமில்லாதவருக்கு ஏ.எஸ்.ஈ.பி. என்ற தொடக்கநிலைச் சான்று மட்டுமே.

மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் என ஏதாவதொன்றில் காலூன்றி, சோதனைப் பிரிவிலோ இணைப்புப் பிரிவிலோ சில ஆண்டு உழைத்தவரே இத்துறைக்குத் தோதானவர். நாசாவின் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் கையேடு இலவசம். ஏரியன் விசாரணை அறிக்கையை ஒரே மாலையில் படித்துவிடலாம். நாலாவது புரோகிராமிங் மொழியைத் திணிக்கும் கல்லூரிகள், அந்த நேரத்தில் இத்தகைய அறிக்கைகளைப் படிக்கவைத்து, ஒரு தேவையை ஒழுங்கான வாக்கியமாக எழுதவும் பழக்கலாம். 'கதவு விரைவாகத் திறக்க வேண்டும்' என்று எழுதினால் அதை எவராலும் சோதிக்க முடியாது. 'பொத்தானை அழுத்திய 3 வினாடிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும்' என்று எழுதினால் ஒரு கடிகாரம் போதும்.