கியர்பாக்ஸ் சென்சார் கோடு வந்தால்: வட்டவடைப் பாதைக்குச் சில குறிப்புகள்

மூணாறிலிருந்து வட்டவடைக்குச் சுமார் 45 கிலோமீட்டர். மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் தாண்டி, பாம்பாடும் சோலை வழியாகக் கோவிலூருக்கு இறங்கும் இந்தப் பாதையில் பிரேக்குக்குத் துணை கியர்தான். அதனால் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் கியர்பாக்ஸ் வேக சென்சாரைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

1. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீடோமீட்டர் முள் விழுவது, கியர் மாறும்போது வண்டி உதறுவது, இன்ஜின் விளக்கு எரிவது ஆகியவை முதல் அறிகுறிகள். வேகம் தெரியாததால் வண்டியின் கம்ப்யூட்டர் தற்காப்புக்காக ஒரே கியரில் பூட்டிக்கொள்வதும் உண்டு. எந்த கியர் என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

2. இறக்கத்தில் அப்படி ஆனால் நியூட்ரலுக்கு மாற்றவே மாற்றாதீர்கள். பெரிய கியரில் பூட்டிக்கொண்டால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து சூடேறும். அகலமான இடம் வந்ததும் ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் போட்டால் சில வண்டிகளில் கியர் திரும்பக் கிடைக்கும். அது தற்காலிகம்தான். சோலைக்குள் மட்டும், வண்டி கட்டுக்குள் இருக்கும்வரை, நிற்காமல் மெதுவாகக் கடந்துவிடுங்கள். 2003-இல் தேசியப் பூங்காவான காடு அது. யானையும் காட்டுமாடும் நடமாடும் இடம்.

3. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். கையடக்க ஸ்கேனரை அதில் செருகிப் போனோடு இணைத்தால், கோளாறைக் குறிக்கும் கோடு (code) போனில் தெரியும். அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள். அழித்துவிட்டு ஒர்க்‌ஷாப் போனால் மெக்கானிக்குக் கையில் துப்பே இருக்காது.

4. பி0720 என்றால் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டின் வேகத்தை அளக்கும் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு. பி0721 என்றால் அளவு பொருந்தவில்லை. பி0722 என்றால் சிக்னலே இல்லை. பி0723 என்றால் விட்டுவிட்டு வருகிறது. பி0715 முதல் பி0718 வரை உள்ளே நுழையும் பக்கத்து சென்சாருக்கு. பி0700 மட்டும் வந்தால், கியர் கம்ப்யூட்டரில் வேறு கோடு காத்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள்.

5. கோடு சொல்வது சுற்றைப் பற்றி. சென்சார் செத்துவிட்டது என்று அது சொல்லவில்லை. ஆகவே சாவியை எடுத்துவிட்டு, இன்ஜின் ஆறியபின், முதலில் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின்களில் பச்சைக் களிம்பு, உள்ளே ஈரம் அல்லது எண்ணெய், ஒயரில் எலி கடித்த தடம், இன்ஜின் பக்கம் உரசித் தோல் உரிந்த இடம் என இவற்றில் ஏதாவது ஒன்று கண்ணில் படலாம். கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, ‘டக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். பூண்டும் கேரட்டும் ஏற்றிச் சேற்றில் போய் வந்த வண்டியை வாட்டர் சர்வீஸ் செய்யும்போது, பிரஷர் தண்ணீரை இந்தக் கனெக்டர் மேல் நேராக அடிக்க விடாதீர்கள்.

6. சென்சாரைக் கழற்றினால் நுனியைப் பாருங்கள். காந்த நுனியில் மெல்லிய கரும்பசை இருப்பது சகஜம். துணியால் துடைத்தால் போதும். மினுங்கும் உலோகச் சில்லுகள் ஒட்டியிருந்தால் கியர்பாக்ஸின் உள்ளேயே தேய்மானம் இருக்கிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது.

7. மார்கழிக் குளிரில் சோர்ந்த பேட்டரியும் பொய்க் கோடுகளைக் கிளப்பும். டெர்மினலைச் சுத்தம் செய்து, வோல்டேஜ் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

8. ஸ்கேனரில் ஓட்டத்தின்போதே சென்சார் வேகத்தைப் பார்க்கலாம். ஒருவர் ஓட்ட, மற்றவர் திரையைப் பார்க்க வேண்டும். வண்டி நகர்ந்தும் எண் பூஜ்யத்திலேயே இருந்தால், ஒயரைச் சோதித்துவிட்டு அப்புறம் சென்சாரை மாற்றுங்கள். இதையெல்லாம் பார்க்காமலே கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

9. கட்டி இழுக்க வேண்டி வந்தால், ஆட்டோமேட்டிக் வண்டியின் இயங்கு சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. உள்ளே எண்ணெய் ஓடாமல் கியர்பாக்ஸ் கெட்டுவிடும். மூணாறிலிருந்து வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரியாகப் பார்த்து வரவழையுங்கள்.