உப்பளக் கரையில் மடிக்கணினி

நுழையும்முன்

நெய்தல் நிலத்துக் காற்று உப்பைச் சுமந்து வருவது. அக்காற்றுக்கிடையே, கடும்பணி செய்யவல்ல கணினியை வாங்கி வைத்துக்கொள்பவர் எவற்றை அறிந்திருக்க வேண்டும்? மரக்காணத்தை முன்னிறுத்தி இப்பாடம் விளக்குகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்வோர், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை நெருங்கும்போது வெண்ணிற உப்புக் குவியல்களைக் காண்பர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் ஆய்வாளர். பாத்தி கட்டி, உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் விளையவைத்து வாரும் உப்புத்தொழில், வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நின்றுவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இம்மாவட்டத்தில் பெருமழை கொட்டியது. இத்தகைய மழைக்குப் பின் எந்தப் பாத்தி எத்தனை நாள் நீரில் கிடந்தது என்பதற்குச் சான்று இருந்தால், உப்பளத் தொழிலாளர் தம் இழப்பை எடுத்துரைப்பது எளிதாகும். அச்சான்றைத் தரவல்லவை செயற்கைக்கோள் படங்கள்.

ஐரோப்பிய விண்வெளி முகமை 2015 முதல் ஏவிவரும் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்களை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். மேகம் மூடிய நாள்களுக்கு ரேடார் அலைகளால் நோக்கும் சென்டினல்-1 உண்டு. அகச்சிவப்புக்கு அண்மையான அலைவரிசையில் நீர் கருமையாகவும் உப்பு வெண்மையாகவும் தோன்றுவதால், நீர் தேங்கிய பாத்தியையும் உப்பு விளைந்த பாத்தியையும் வேறுபடுத்த இயலும். படங்களை ஆராயும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் விலையற்றதே. விலை கொடுத்துப் பெற வேண்டியது கணினி ஒன்றுதான்.

அக்கணினி எத்தகையதாக இருத்தல் வேண்டும்? சென்டினல்-2 படத்தின் ஒரு கட்டம், 10 மீட்டர் துல்லியமுள்ள அலைவரிசை ஒன்றில், நீளவாட்டிலும் அகலவாட்டிலும் 10,980 படப்புள்ளிகள் கொண்டது. பெருக்கினால் ஏறத்தாழ 12 கோடி. புள்ளிக்கு 2 பைட்டு எனக் கொண்டால் 24 கோடி பைட்டு. இத்துல்லியமுள்ள அலைவரிசைகள் நான்கையும் திறந்தால் ஏறக்குறைய ஒரு ஜிகாபைட்டு. பின்ன எண்களாக மாற்றிக் கணக்கிடும்போது அது இரண்டாகும். புயலுக்கு முன்னும் பின்னுமாக ஐந்தாறு நாள்களின் படங்களை ஒப்பிட்டால் 8 ஜிகாபைட்டு நினைவகம் நிரம்பி வழியும். அப்போது கணினி வட்டையே நினைவகமாகப் பயன்படுத்த முனைந்து நத்தையாய் ஊரும். எனவே இப்பணிக்கு 16 ஜிகாபைட்டு நினைவகம் வேண்டும். விளம்பரங்கள் செயலியின் பெயரையே உரக்கச் சொல்கின்றன. வாங்குபவர் முதலில் நோக்க வேண்டியது நினைவகத்தையே. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர்க் கூட்ட இயலாது. தனி வரைகலைச் செயலி முப்பரிமாண வடிவமைப்புக்கும் இயந்திரக் கற்றலுக்கும் உரியது. நிலப்படம் வரைவதற்காக மட்டும் அதற்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.

தெரியுமா?

எடுத்துச் செல்லத்தக்க கணினிகளுள் வணிக வெற்றி பெற்ற முதற்கணினி, 1981இல் வெளிவந்த ஆஸ்போர்ன்-1. எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். திரை 5 அங்குலம். நினைவகம் 64 கிலோபைட்டு. இதனை உருவாக்கிய நிறுவனத்தைத் தொடங்கிய ஆடம் ஆஸ்போர்ன், இளமையைத் திருவண்ணாமலையில் கழித்தவர். 2003இல் கொடைக்கானலில் மறைந்தார்.

திறன்மிக்க கணினியை வாங்கிவிட்டால் மட்டும் அத்திறன் முழுமையாகக் கிடைத்துவிடாது. செயலி உட்கொள்ளும் மின்திறன், அதன் அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் ஏற்ப உயரும்; அம்மின்திறன் முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும். வெப்பநிலை 100 பாகை செல்சியசை நெருங்கும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சூழல் வெப்பம் 35 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பதே மடிக்கணினிகள் பலவற்றுக்கு விதிக்கப்பட்ட வரம்பு. கத்திரி வெயிலில் இக்கரை அவ்வரம்பைத் தாண்டும். மெத்தைமேல் வைத்து இயக்கினால் காற்றுவாய்கள் அடைபட, விலையுயர்ந்த கணினியும் வேகம் இழக்கும்.

காற்றோட்டம் தந்தால் போதுமே எனலாம். சிக்கல் அங்குதான் தொடங்குகிறது. விசிறி உள்ளிழுக்கும் கடற்காற்றில் நுண்ணிய உப்புத்துகள்கள் உள்ளன. உலர்ந்த உப்பு பெரிதும் தீங்கு செய்யாது. ஆனால், காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சோடியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். அக்கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும், நெருங்கி நிற்கும் முனைகளுக்கிடையே குறுக்குத் தொடர்பை உண்டாக்கும். கடலோரத்து இரவிலும் வைகறையிலும் அந்த அளவு ஈரப்பதம் இயல்பானது. வெப்பத்துக்கு அஞ்சி வைகறையில் பணி செய்தால் ஈரம் காத்திருக்கிறது!

எனினும், இயங்கும் கணினியின் உட்புறம் வெம்மையாக இருப்பதால் அங்கு ஒப்பு ஈரப்பதம் குறைவு. அணைத்து வைத்த கணினியே மிகுதியாக ஈரத்துக்கு இலக்காகிறது. ஆகவே குளிர்ந்த வேளையில் பணி செய்வதே நன்று. கடலை நோக்கிய சாளரத்தை அடைத்து, கணினியைக் கட்டாந்தளத்தில் சற்று உயர்த்தி வைத்தல் வேண்டும். பணி முடிந்து சூடு ஆறியதும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா கூழ்மப் பொட்டலங்களுடன் இறுக மூடும் பெட்டியில் வைக்க வேண்டும். துணிப்பை இதற்கு உதவாது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த கணினியை உடனே இயக்கலாகாது. குளிர்ந்த பரப்பில் நீர் படிந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பழுதுநீக்குநரிடம் தந்து விசிறியையும் உட்பலகையையும் தூய்மை செய்வித்தல் செலவன்று, காப்பு.

இவ்வளவு காத்தும் கணினி ஒருநாள் பழுதாகலாம். அதனுள் இருக்கும் படங்களும் கணக்குகளும் அதனோடு போய்விடக் கூடாது. உப்பு ஏற்றிய வண்டிகளுடன் மேடுபள்ளம் கடந்த பண்டைய உமணர், வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று வண்டியின் அடியில் வேறோர் அச்சைக் கட்டிச் சென்றனர். புறநானூற்றில் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார் அதைச் சேம அச்சு என்கிறார். இன்றைய சேமநகலும் அதுபோன்றதே. ஆனால் நகலையும் கணினிப் பெட்டிக்குள்ளேயே வைப்பதில் பயனில்லை. அதே உப்பும் அதே வெள்ளமும் இரண்டையும் அடையும். புறவட்டு ஒன்றில் எடுத்த நகலைப் பருவமழைக்கு முன்பே திண்டிவனம் போன்ற உள்நாட்டு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் சேர்ப்பித்துவிட வேண்டும்.