குதிகாலுக்கு மேலே வலியா? படிக்கட்டில் நில்லுங்கள்

காலையில் எழுந்து முதல் சில அடி வைக்கும்போது குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்க நாண் விறைத்து வலிக்கிறதா? முழு ஓய்வு அதைக் குணமாக்காது. பாரம் தாங்கித்தான் நாண் பலம் பெறும்.

1998இல் சுவீடனின் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் குழு, நாள்பட்ட வலியுள்ள ஓட்டக்காரர்கள் 15 பேருக்கு படியில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சியைக் கொடுத்தது. 12 வாரத்தில் அனைவரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள்.

கைப்பிடியைப் பிடித்தபடி, படியின் விளிம்பில் முன்பாதத்தால் நில்லுங்கள். நல்ல காலை ஊன்றி மேலே எழும்புங்கள். எடை முழுவதையும் வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்குங்கள். மீண்டும் எழும்ப நல்ல கால்தான். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி மூன்று சுற்று. காலையும் மாலையும், தினமும்.

செய்யும்போது ஓரளவு வலித்தால் பயப்பட வேண்டாம். தாங்க முடியாவிட்டால் நிறுத்துங்கள். வலியே இல்லையென்றால் முதுகுப் பையில் கொஞ்சம் எடை சேர்க்கலாம். பலர் இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள், அதுதான் வருத்தம். நாண் தசையைப்போல வேகமாகத் தேறாது. 12 வாரம் கொடுங்கள்.

தினமும் நேரமில்லையா? ஜிம்மில் அதிக எடையோடு, மிக மெதுவாக, வாரம் மூன்று நாள் செய்வதும் இதே பலன் தருவதாக 2015இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு காட்டியது.

வலி குதிகால் எலும்பை ஒட்டியே இருந்தால் படிக்குக் கீழே இறக்காதீர்கள், சமதரையில் செய்யுங்கள். திடீரென 'டப்' என்ற சத்தத்தோடு வலித்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள்.