சென்னை – சிங்கப்பூர்: தூரமும் நேரமும்

"சிங்கப்பூர் நாலு மணி நேரப் பயணம்தானே! இரவு ஏற்றினால் காலையில் கடைக்குப் போய்விடும்" என்று எண்ணி, கறிவேப்பிலையும் மல்லிகையும் அனுப்ப ஒப்புக்கொள்பவர்கள் உண்டு. சரக்கு வாடிப்போனால் தகராறும் நட்டமும்தான் மிச்சம். ஒப்புக்கொள்ளும் முன் மூன்று கணக்குகளைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

1. தூரக் கணக்கு

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். ஜெட் விமானம் உயரே மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்தால் 3 மணி 25 நிமிடம் வரும். ஆனால் ஓடுபாதைக்குச் செல்வது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் சேர்ந்து 4 மணி முதல் 4½ மணி வரை ஆகிவிடும்.

2. கடிகாரக் கணக்கு

சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட 2½ மணி முந்தியது. (1981 இறுதி வரை இந்த வித்தியாசம் 2 மணிதான்.) டிக்கெட்டில் புறப்பாடு நம் நேரத்திலும், சேருமிடம் அந்த ஊர் நேரத்திலும் இருக்கும். எடுத்துக்காட்டாக, இரவு 11.30-க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6.15-க்குச் சேர்ந்தால், பார்வைக்கு 6¾ மணி. அதில் 2½ போக, உண்மையான பயணம் 4¼ மணியே. திரும்பும்போது 2½ மணியைக் கூட்ட வேண்டும்.

தொலைபேசிக்கும் இதே கணக்குதான். அங்கே மாலை 5.30-க்கு அலுவலகம் மூடினால், நமக்கு அப்போது பிற்பகல் 3 மணி!

3. சரக்குக் கணக்கு

காலை 6 மணிக்கு மல்லிகை பறிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தரம் பிரித்து, பெட்டி கட்டி, வண்டியேற்றி, தாவர நலச் சான்றிதழும் சுங்கச் சோதனையும் முடித்து, விமானம் புறப்படுவதற்குச் சில மணி முன்பே ஒப்படைக்க வேண்டும். மேற்சொன்ன விமானத்தில் போய், அங்கும் சோதனை முடிந்து சிராங்கூன் சாலைக் கடைக்குக் காலை 10 மணிக்குச் சேர்ந்தால், நம் நேரப்படி 7.30. பறித்து 25½ மணி ஆகிவிட்டது! அதில் பயணம் 4¼ மணி, அதாவது ஆறில் ஒரு பங்கு. மீதி ஐந்து பங்கும் தரையில் கழிந்தவை.

பூ வாடுவது பெரும்பாலும் தரையில்தான். வெயிலில் நிற்கும் வண்டியும் குறையுள்ள காகிதமும் தூரத்தைவிடப் பெரிய எதிரி. விமானம் தவறினால் இன்னொரு நாளும் போய்விடும்.

ஆகவே பேரம் பேசும்போதே, எந்த ஊர் நேரப்படி சரக்கு சேர வேண்டும், தாமதமானால் நட்டம் யாருடையது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்குத் தெரிந்து செய்யும் வணிகமே நிலைக்கும்.