ஊர்ப் பொதுப்பணி: மகமைக் கணக்கு கற்றுத் தரும் பாடம்

சிறு ஊரில் கடை வைத்திருக்கும் நம் ஒவ்வொருவருக்கும் நன்கொடைச் சீட்டுப் புத்தகம் பழக்கமானது. ஆடியில் கூழ் ஊற்ற வருவார்கள். ஆவணியில் பிள்ளையார் வைக்க வருவார்கள். பிறகு விளையாட்டுப் போட்டி, பள்ளி ஆண்டு விழா, மருத்துவ முகாம், அன்னதானம் என்று வரிசை நீளும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் யார் வந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்க்கிறார். ஐம்பதோ நூறோ, ஐந்நூறோ எழுதுகிறார். ஆண்டு முடிவில் எவ்வளவு கொடுத்தோம் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பணத்தால் ஊருக்கு நிலையாக என்ன கிடைத்தது என்பதும் தெரியாது.

கடைக்குள் ஒரு ரூபாய்க்கும் கணக்கு வைக்கும் நாம், கடைக்கு வெளியே கொடுக்கும் பணத்தைக் கணக்கில்லாமல் விடுவது சரியா? ஊர்ப் பொதுப்பணியையும் வியாபாரம் போலவே முறையாக நடத்த முடியுமா? முடியும் என்பதற்கு நம் நாட்டு வணிகர்களின் பழைய வழக்கமே சான்று. அதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

விருதுநகர் தந்த முன்மாதிரி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து மாட்டு வண்டிகளில் சரக்கு ஏற்றி இராமநாதபுரம் சீமைப் பக்கம் வந்த நாடார் வணிகர்கள், வண்டியும் சரக்கும் பாதுகாப்பாகத் தங்குவதற்குப் பேட்டைகளை அமைத்தார்கள். பேட்டையைப் பயன்படுத்தியவர்கள் சரக்கின் அளவுக்கு ஏற்ப ஒரு சிறு தொகை கட்டினார்கள். அதுவே மகமை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் வணிகர்கள் குடியேறி உறவின்முறைகளாகச் சேர்ந்தபின், இந்த மகமை ஊர்ப் பொதுநிதியாக வளர்ந்தது. கிணறு, கோயில், மண்டபம், பள்ளிக்கூடம் என்று அந்த நிதி உருவெடுத்தது.

அன்று விருதுபட்டி என்று வழங்கிய விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்டது. மகமை நிதியோடு பிடி அரிசி என்ற ஏற்பாடும் அதற்குத் துணை நின்றது. வீட்டில் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதைச் சேகரித்து விற்ற பணம் பள்ளிச் செலவுக்குப் போகும். பின்னாளில் தமிழக முதலமைச்சரான காமராசர் இந்தப் பள்ளியில் படித்தவரே.

நம் தொழில் கணக்குப்படி பார்ப்போம். ஒரு கைப்பிடி 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 வீடு என்றால் நாளொன்றுக்கு 15 கிலோ. மாதத்துக்கு 450 கிலோ. எந்த வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. ஆனால் மாதாமாதம் நாலரைக் குவிண்டால் அரிசி சேர்ந்துவிடுகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, தொகை சிறியது, கொடுப்பவருக்குச் சுமையில்லை. இரண்டாவது, தவறாமல் வருவது. ஆகவே அதை நம்பி ஆசிரியருக்குச் சம்பளம் பேச முடிந்தது. மூன்றாவது, வியாபாரத்துக்கு ஏற்ற அளவு. அதிகம் விற்றவர் அதிகம் கொடுத்தார். நான்காவது, பொறுப்பு ஒருவரிடமே தேங்கவில்லை. முறைகாரர்கள் முறை வைத்து வேலை பார்த்தார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஏற்பாடு ஒரு சமூகத்தார் தமக்குள் செய்துகொண்டது. மற்றவர்கள் கோயிலிலும் தெருவிலும் இடம் மறுத்த காலத்தில், தம் காலில் நிற்க அவர்களுக்கு வேறு வழியில்லாமல் இருந்தது. இன்று கடைவீதியில் எல்லாச் சமூகத்தாரும் எல்லா மதத்தாரும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் இருக்கிறோம். எனவே மகமையின் முறையை எடுத்துக்கொள்வோம்; அதன் எல்லையைக் கடைவீதி முழுவதற்கும் ஊர் முழுவதற்கும் விரிப்போம்.

முதல் பாடம்: நிதியை முறைப்படுத்துவது

உதாரணத்துக்கு 120 கடைகள் உள்ள ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். கடைக்கு நாளொன்றுக்கு 5 ரூபாய் மகமை என்றால் ஒரு நாளைக்கு 600 ரூபாய். மாதத்தில் 26 நாள் வியாபாரம் என்றால் 15,600 ரூபாய். ஆண்டுக்கு 1,87,200 ரூபாய். மொத்த வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று வைத்துக்கொண்டால் தொகை இன்னும் கூடும்.

இந்தத் தொகையை மூன்றாகப் பிரிப்பது நல்லது. பாதியை, அதாவது 93,600 ரூபாயை, ஆண்டு முழுவதும் நடக்கும் ஒரே ஒரு நிலையான பணிக்கு ஒதுக்குங்கள். பள்ளிக்குக் குடிநீர் ஏற்பாடு, மாலை நேர வகுப்பு, நூலகம் என்று எதுவாகவும் இருக்கலாம். கால் பங்கு 46,800 ரூபாய் விழாக்களுக்கும் முகாம்களுக்கும். மீதிக் கால் பங்கு அவசர நிதி. வெள்ளம், தீ விபத்து, கடைப் பணியாளர் குடும்பத்தில் திடீர் இழப்பு என்றால் அன்று மாலையே கைகொடுக்க இது உதவும்.

அரசுத் திட்டங்களோடு சேர்த்தால் பணம் பெருகும். 1997-ல் தொடங்கி, 2021-ல் மீண்டும் கொண்டுவரப்பட்ட நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு சேர்த்துப் பணியை முடித்துத் தரும். விண்ணப்பிக்கும் முன் பங்கு விகிதத்தையும், எந்தப் பணிக்கு இடமுண்டு என்பதையும் நகராட்சி அல்லது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இரண்டாம் பாடம்: நேரத்தை முறைப்படுத்துவது

“பணம் வேண்டுமானால் தருகிறேன், ஆள் மட்டும் கேட்காதீர்கள்” என்று சொல்லாத கடைக்காரர் இல்லை. அதில் நியாயமும் உண்டு. கடையைப் பூட்டிவிட்டுப் பொதுப்பணிக்கு வர முடியாது. ஆனால் எல்லாக் கடைக்கும் மந்தமான நேரம் ஒன்று இருக்கிறது. காய்கறிக் கடைக்கு மத்தியானம், மளிகைக் கடைக்கு மாதக் கடைசி, துணிக்கடைக்குத் தீபாவளி கழிந்த வாரங்கள். இவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு ஆளுக்கு மாதம் 2 மணி நேரம் மட்டும் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். 120 கடையில் 240 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேர வேலை என்று பார்த்தால் 30 ஆள் நாள்!

அவரவர் தொழில் அறிவைக் கேட்பது இன்னும் நல்லது. மருந்துக்கடைக்காரர் முதலுதவி சொல்லித் தரலாம். ஹார்டுவேர் கடைக்காரர் பள்ளிக் குழாயைப் பழுது பார்க்க ஆள் ஏற்பாடு செய்யலாம். கணக்குப்பிள்ளை மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தரலாம். லாரி செட் வைத்திருப்பவர் வண்டி அனுப்பலாம். பெண் வணிகர்களையும், கடையைக் கவனித்துக்கொள்ளும் வீட்டுப் பெண்களையும் குழுவில் பெயர் எழுதிச் சேருங்கள். பிடி அரிசித் திட்டம் அவர்கள் கையால் நடந்தது என்பதை மறக்கலாகாது.

கடைப் பணியாளர்கள் விரும்பினால் மட்டுமே வர வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிப்பதும், வராதவரைக் கடிந்துகொள்வதும் தொண்டு ஆகாது.

மூன்றாம் பாடம்: வேலையைப் பங்கிடுவது

நாமே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பதில்லை. அந்த வேலை தெரிந்தவரோடு சேர்ந்து, நமக்குத் தெரிந்ததை மட்டும் நாம் செய்தால் போதும்.

கண் சிகிச்சை முகாமை எடுத்துக்கொள்வோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்து முகாம்களை உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்தே நடத்தி வளர்ந்தது. இடம், விளம்பரம், தன்னார்வலர் ஆகியவை உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. பரிசோதனையும், புரை கண்டவர்களுக்கு அறுவை சிகிச்சையும் மருத்துவமனையின் பொறுப்பு. எது யார் தலையில் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுவதால் குழப்பம் இல்லை.

இத்தகைய முகாமில் நம் தன்னார்வலர் செய்ய வேண்டியது என்ன? பெயர் பதிவு, முதியவர்களைக் கைபிடித்து அழைத்துப் போவது, தண்ணீர் கொடுப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, அறுவை சிகிச்சை என்றதும் பயந்து வீட்டுக்குத் திரும்பும் பாட்டியிடமும் அவர் மகனிடமும் பேசித் தைரியம் சொல்வது. ஊர்க்காரர் சொன்னால்தான் அது எடுபடும். மறுபரிசோதனை நாளன்று அவரைத் திரும்ப அழைத்து வருவதும் நம் வேலையே.

இரத்ததான முகாமும் அப்படியே. உரிமம் பெற்ற இரத்த வங்கி வந்துதான் எடுக்க வேண்டும். 18 முதல் 65 வயதுக்குள், குறைந்தது 45 கிலோ எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உள்ளவர் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாத இடைவெளியிலும், பெண்கள் 4 மாத இடைவெளியிலும் கொடுக்கலாம். வெறும் வயிற்றில் வரக்கூடாது என்பதை நோட்டீசிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு நாட்குறிப்பு

விருதுநகர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வரும்போது ஊரில் பொருட்காட்சியும் நடக்கிறது. வெளியூர் போனவர்களும் ஊர் திரும்புகிறார்கள். திருவிழாவும் வியாபாரமும் ஊர்க் கூடலும் ஒன்றுக்கொன்று துணை என்பதற்கு இது நல்ல உதாரணம். நம் ஊர் விழாவை ஒட்டியும் முகாம் நடத்தினால் கூட்டம் சேர்க்கத் தனிச் செலவு இல்லை. ஒரு மாதிரி அட்டவணை:

ஜனவரி: பொங்கல் விளையாட்டு. பரிசுகள் உள்ளூர்க் கடைகளில் வாங்கியவையாக இருக்கட்டும்.

ஏப்ரல், மே: தண்ணீர்ப் பந்தல். பானையைத் தினமும் கழுவ ஆள் பெயர் எழுதி ஒட்டுங்கள். திறப்பு விழாவோடு வற்றிப்போகும் பந்தலால் யாருக்கும் பயனில்லை.

மே 5: வணிகர் தினம். கடைகள் அடைத்திருக்கும் நாள். ஆள் தாராளமாகக் கிடைக்கும். இரத்ததான முகாமுக்கு ஏற்றது.

ஜூன்: பள்ளி திறப்பு. நோட்டுப் புத்தகம் எத்தனை தேவை என்று தலைமையாசிரியரிடம் முதலில் கேளுங்கள்.

ஜூலை 15: காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். மாலை வகுப்புத் தொடங்க நல்ல நாள்.

செப்டம்பர்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் கடைவீதிச் சாக்கடையைத் தூர்வார நகராட்சியிடம் மனு. சாக்கடைக்குள் ஆளை இறக்கும் வேலையை நாம் ஒருபோதும் ஏற்பாடு செய்யக்கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: வியாபாரக் காலம். புதிதாக எதையும் தொடங்காதீர்கள். அவசர நிதியை மட்டும் தயாராக வைத்திருங்கள்.

கேட்டதைக் கொடுப்பது

2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் பகுதிக்கு வந்து குவிந்த பழைய துணிகள், யாரும் எடுத்துக்கொள்ளாமல் சாலையோரம் கிடந்தன. அனுப்பியவர்களின் மனம் நல்லதே. ஆனால் எல்லாம் இழந்தவருக்கும் மானம் உண்டு என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வாடிக்கையாளர் கேட்காத சரக்கை வாங்கி அடுக்கும் கடை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். உதவியிலும் அதே விதிதான். முதலில் கேள், பிறகு கொடு.

கணக்கும் சட்டமும்

சங்கம் 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாகியிருந்தால் ஆண்டுக் கணக்கைப் பதிவாளருக்கு ஒழுங்காக அனுப்ப வேண்டும். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து வையுங்கள். மாதம் பிறந்ததும் வரவு செலவைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கேட்பதற்கு முன் காட்டப்படும் கணக்கே நம்பிக்கையை வளர்க்கும்.

நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு வேண்டுமென்றால், பெறும் அமைப்புக்கு அதற்கான அங்கீகாரம் இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவருக்கே இந்தச் சலுகை உண்டு. ஜி.எஸ்.டி.யிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கடைச் சரக்கை இலவசமாகக் கொடுத்தால் அந்தச் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிவிட வேண்டும். பத்து மூட்டை அரிசி கொடுக்கும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

விளம்பரம் பற்றியும் ஒரு சொல். டியூப் லைட் முழுவதும் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தையே மறைத்த கதையை நாம் கேட்டுச் சிரித்திருக்கிறோம். சங்கத்தின் பெயர் ஒன்று போதும். நோட்டுப் புத்தகம் வாங்கும் குழந்தையைப் புகைப்படத்துக்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

இதனால் நமக்கு என்ன?

இன்று வீட்டிலிருந்தபடியே செல்போனில் சரக்கு வரவழைக்கலாம். பெரிய நிறுவனங்களோடு விலையில் போட்டி போடுவது எல்லாக் கடைக்கும் முடியாது. ஆனால் மழை வெள்ளத்தன்று இரவு கடையைத் திறந்து பால் பவுடர் கொடுப்பதும், தெருப் பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறான் என்று தெரிந்து வைத்திருப்பதும் நம்மால் மட்டுமே முடியும். ஊர் நம்மை நினைப்பது அதற்காகத்தான். ஊர் நலிந்தால் கடைவீதி நலியும். படித்த பிள்ளையும் பார்வை திரும்பிய பெரியவரும் உள்ள ஊரில் வியாபாரமும் நிலைக்கும்.

சங்கக் கூட்டத்தில் கலந்துபேச

1. கடந்த ஆண்டு நம் உறுப்பினர்கள் தனித்தனியே கொடுத்த நன்கொடை மொத்தம் எவ்வளவு?

2. நம் ஊரில் ஆண்டு முழுவதும் தேவைப்படும் ஒரே ஒரு பணி எது? அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்?

3. மாதம் 2 மணி நேரம் தரக்கூடியவர்கள் யார்? எந்தக் கிழமை, எந்த நேரம்?

4. முதல் ஆண்டு முறைகாரர்களாக யார் யார் பொறுப்பேற்பது?

அடுத்த மாதக் கூட்டத்தில் இந்த நான்குக்கும் விடை எழுதிவிட்டால், அடுத்த ஆண்டு இதே நாளில் பலகையில் ஒட்ட நம்மிடம் ஒரு கணக்கு இருக்கும்.