முதல் ஈடு வெளுப்பு, அடுத்த ஈடு கருகல்

கேள்வி: புது டோஸ்டரில் ஒரே எண்ணில் வைத்தாலும் முதலில் போடும் பிரெட் வெளுத்தும் அடுத்தது கருகியும் வருகிறது. கடையில் மாற்றித் தரச் சொல்லலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: அவசரப்படாதீர்கள். பெரும்பாலான டோஸ்டர்களில் அந்த எண் சூட்டைக் கூட்டிக் குறைப்பதில்லை. எவ்வளவு நேரம் சுட வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. முதல் ஈட்டில் உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பியும் தகடுகளும் சூடேறவே கொஞ்ச நேரம் போய்விடும். அடுத்த ஈட்டின்போது எல்லாமே கொதித்துக் கிடக்கும். அதே நேரம் வைத்தால் கருகாமல் என்ன செய்யும்? இரண்டாம் ஈட்டுக்கு ஓர் எண் குறைத்து வையுங்கள்.

பிரெட்டையும் கவனியுங்கள். சர்க்கரை தூக்கலான மில்க் பிரெட் சட்டென்று சிவந்துவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இரண்டு துண்டு போட்டும் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் வெளுத்தே வந்தால், அந்தப் பக்கக் கம்பி சரியாகச் சூடாகவில்லை. அப்போது பில்லோடு கடைக்குப் போகலாம். துண்டு சிக்கிக்கொண்டால் கத்தி, கரண்டியால் நோண்டவே கூடாது. கம்பிக்கு மேலுறை கிடையாது, ஷாக் அடிக்கும். பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, கவிழ்த்துத் தட்டுங்கள்.